கேட்க விடாத மனிதர்

கதவைத் தட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொள்வார். திறக்கிறவருக்குத் தலையிலிருந்து கால்வரை முழு ஆளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இரண்டு கைகளும் தொங்கும். உள்ளங்கைகள் நம்மைப் பார்த்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் இப்படி நின்றவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் தட்டுவதற்கு முன்பே உள்ளே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைப் பிடித்துவிடுகிற ரகம்.

முதல் தடவை என் மனைவி கதவைத் திறந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "யாரோ ஒருத்தர் வந்திருக்காரு. போட்டோ எடுக்க நிக்கிற மாதிரி நிக்கிறாரு."

உள்ளே கூப்பிட்டால் வருவார். அலமாரி, மேஜை, என் சட்டை மாட்டியிருக்கும் ஆணி எல்லாவற்றிலிருந்தும் கை எட்டாத தூரம் பார்த்துத் தரையில் உட்காருவார். கிளம்பும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, எங்கள் கண் முன்னால் இரண்டு தரம் உதறி, மறுபடி போட்டுக்கொள்வார். தூசி தட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்குப் புரியாதது என் மனைவிக்குப் புரிந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, நாங்க உங்களைக் கேட்டமா?"

"கேக்கலை தாயி. அதான் காமிச்சிட்டேன். கேட்டுட்டீகன்னா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

அந்த வீட்டில் திருடும்படி அப்போது இருந்தது ஒரு ரேடியோ. அதையும் தலையில் தட்டினால்தான் பேசும். மற்றபடி நூலகத்துக்கு நான் திருப்பிக் கொடுக்காத புத்தகங்கள் கொஞ்சம். அவற்றைப் பற்றி இன்றுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், திண்டுக்கல் ரோட்டில் பரவை தாண்டி இருந்த ஒரு நூற்பாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று நோட்டில் ஏற்றுவது வேலை. நகைச்சுவை எழுத்தாளன் ஆவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அவர் அங்கே பதிலி. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத அன்று அந்த இடத்தில் நிற்கிற ஆள். தினமும் காலையில் கேட்டுக்கு வந்து காத்திருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் அடித்தால்தான் இவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சாதியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வெள்ளைக்காரன் அதை ஒரு சட்டத்துக்குள் எழுதிவைத்துவிட்டுப் போனதே போதும். பிறந்தாலே குற்றவாளி என்று முடிவுகட்டி, பத்து விரலையும் மையில் அமுக்கி எடுத்துக்கொண்ட சட்டம். மேற்கே அதை ரேகைச் சட்டம் என்பார்கள். அவருடைய அப்பா தினமும் ஊர்ச் சாவடியில் ஆஜர் கொடுத்தவராம். விடுதலை வந்த சமயத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்களே என்று ஒருநாள் என் அறிவைக் காட்டிக்கொண்டேன்.

"எடுத்துட்டாக சார்," என்றார். "எடுத்து மனசுக்குள்ள வச்சிட்டாக."

ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் சோதனை உண்டு. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே பையைத் திறப்பார்கள். அவர் மட்டும் கேட்டுக்கு இருபதடி முன்னாலேயே தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியை ஒரு கையிலும் சட்டியை ஒரு கையிலும் ஏந்தி வருவார். நேர்த்திக்கடனுக்குத் தீச்சட்டி எடுத்து வருகிறவர் போல இருக்கும்.

"யோவ், உன்னை யாருய்யா கேட்டா?" என்பார் வாட்ச்மேன். "மூடு. கருவாட்டு வாடை கொடலைப் பொரட்டுது."

"பாத்துட்டீகள்ல? அப்ப மூடிக்கிறேண்ணே."

டீக்கடையில் குடிப்பதற்கு முன்பே காசை வைத்துவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் கண்ணில் படுகிற மாதிரிதான் நிற்பார். ஒருநாள் இதையெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கேக்க விடக்கூடாது சார். ஒருக்கா கேட்டுட்டாகன்னா நம்ம பதில் சொல்ற ஆளா ஆயிருவோம். அப்புறம் ஆயுசுக்கும் பதில் சொல்லணும்."

இந்தக் கொள்கை அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

சுற்றுவட்டாரத்தில் ஏதாவது களவு போனால், கிணற்று மோட்டாரோ, பித்தளை அண்டாவோ, ஆடோ, தகவல் காதில் விழுந்த உடனே முகச்சவரம் செய்துகொள்வார். குளிப்பார். வெள்ளைச் சட்டை போடுவார். மஞ்சள் பையில் ஒரு துண்டு, ஒரு பல்பொடிப் பொட்டலம், மாற்றுக்கு ஒரு கைலி. நேராக ஸ்டேஷனுக்கு நடந்து போய் உட்கார்ந்துவிடுவார். தொலைத்தவர் புகார் கொடுக்க வருவதற்கு முன்பே இவர் அங்கே இருந்த நாளும் உண்டு.

"வாய்யா மாப்ள," என்பாராம் அங்கிருந்த ஏட்டு. "இன்னைக்கு என்ன, மோட்டாரா அண்டாவா? நாங்க ஜீப்பு எடுக்கிற செலவை மிச்சம் பண்ணிட்ட போ."

எனக்கு இது தாங்கவில்லை. "செய்யாத தப்புக்கு நீங்களா ஏன் போறீங்க?" என்று கத்தினேன்.

"நான் போகாட்டி அவுக வருவாக சார். வீட்டுக்கு வருவாக. பொம்பளைப் பிள்ளைக இருக்கு. தெரு பாத்துட்டு நிக்கும். நானாப் போனா நடந்து போன ஆளு. அவுக வந்தா இழுத்துட்டுப் போன ஆளு. வித்தியாசம் இருக்குல்ல?"

இருந்தது. நாற்பது வயது மனிதர் ஒருவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள், சில சமயம் நாலு நாள் வைத்திருப்பார்கள். ஸ்டேஷன் முற்றத்தைக் கூட்டுவார், டீ வாங்கி வருவார், நடுநடுவே கேள்விகளுக்குப் பதில் சொல்லுவார். பிறகு போகச் சொல்லிவிடுவார்கள். வழக்கு கிடையாது. வந்ததற்கும் போனதற்கும் எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவான என்னை முதலில் உறுத்தியது இந்தப் பதிவேட்டுக் குறைதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் அவர் பாதத்தின் ஓரத்தால் நடப்பார். கேட்டால் செருப்புக் கடித்துவிட்டது என்பார். அவரிடம் செருப்பு கிடையாது.

மில்லில் ஒருமுறை நூல் காணாமல் போனது. ஒன்றிரண்டு கோன் இல்லை, பெட்டி பெட்டியாக. அன்று மத்தியானமே போலீஸ் வந்தது. எங்களிடம் அறுபதுக்கு மேல் பதிலிகள் இருந்தார்கள். எல்லா ஊரும், எல்லாச் சாதியும். டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்த போலீஸ்காரர், "உசிலம்பட்டிப் பக்கத்து ஆளுக லிஸ்டு குடுங்க சார்," என்றார். நான் அழகான கையெழுத்தில் ஆறு பெயர் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பேரை ஏற்றினார்கள். ஆறாவது ஆள் ஏற்கெனவே குளித்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்.

எட்டாம் நாள் உண்மை தெரிந்தது. எடுத்தது ஸ்டோர் கீப்பர். எங்கள் ஆள். எங்கள் என்றால் என் சாதி, என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட உறவு. அவரை ஏற்றிப்போக யாரும் வரவில்லை. மேனேஜர் அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். அவர் கண் கலங்கினார், மேனேஜரும் கலங்கினார். 'இருப்பு வித்தியாசம்' என்று கோப்பில் குறிப்பெழுதி மூடினார்கள். உடல்நலக் குறைவு காரணமாக ராஜினாமா. பிரிவு உபசாரம் நடந்தது. சந்தன மாலை, மிக்சர், வாழைப்பழம். வாழ்த்துரையை நான்தான் வாசித்தேன். நன்றாக வந்திருந்தது என்று பலர் சொன்னார்கள். கடைசி வரிசையில் நின்று அந்த ஆறாவது ஆளும் கைதட்டினார். ஸ்டேஷனிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளங்கை வீங்கியிருந்ததால் சத்தம் வரவில்லை.

"கோபமே வராதா உங்களுக்கு?" என்று பிறகு கேட்டேன்.

"அவரு பெரிய ஆளு சார். அவுக எடுத்தா இருப்பு குறையும். நாங்க எடுத்தாத்தான் களவு."

இன்னொரு நாள் இருவரும் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். என் தோள்பையில் மில்லுக்குச் சொந்தமான முழுநீளத் தாள் நூறு, கார்பன் ஒரு பெட்டி. இலக்கியத்துக்காகத்தான். ஒரு போலீஸ்காரர் நேராக எங்களிடம் வந்தார். தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"எந்த ஊரு?"

அவர் ஊரைச் சொன்னார். அவ்வளவுதான். மஞ்சள் பையைக் கவிழ்க்கச் சொன்னார் போலீஸ்காரர். கால் கிலோ கடலையும் ஒரு சீப்பும் தரையில் விழுந்தன. திருட்டுச் சொத்து என் பையில், சோதனை அவர் பையில். கடலையைப் பொறுக்க நானும் குனிந்தேன். "ச்சே, நீங்க ஏன் சார் குனியிறீங்க," என்று போலீஸ்காரர் என் கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். நான் எங்கே கிடந்தாலும் நிமிர்த்திவிட ஆள் வருகிறது. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அவர் பதிலியாக நின்ற ஒன்பதாவது வருஷம், பன்னிரண்டு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாக மில் அறிவித்தது. மூப்புப் பட்டியலில் அவர் நான்காவது. ஒரே ஒரு நிபந்தனை: இவர் மீது வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து கடிதம் வேண்டும்.

அந்த மாதம் அவர் ஆளே மாறிப்போனார். மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் பெர்மனென்ட் என்றால் பேச்சு முடிந்த மாதிரி. பெர்மனென்ட் ஆளின் வீட்டுக்குள் போலீஸ் நினைத்தபடி நுழையாது, மில்லுக்குச் சொல்லிவிட்டுத்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை என்னிடம் மூன்று தரம் சொன்னார். சம்பளத்தைப் பற்றி ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் ஸ்டேஷன் ரைட்டர் கடிதத்தைக் கொடுக்காமல் இழுத்தார். இன்றைக்கு வா, நாளைக்கு வா, பார்க்கலாம். பொறுத்திருந்தால் அந்த வாரமோ அடுத்த வாரமோ கொடுத்திருப்பார். எழுத்தில் எதுவும் இல்லாதபோது கொடுக்காமல் இருக்க வழியில்லை.

இங்கேதான் நான் உள்ளே நுழைகிறேன்.

"மனு எழுதுவோம்," என்றேன். "இத்தனை வருஷமா காரணமே இல்லாம உங்களைப் பிடிச்சு வச்சதை எல்லாம் வரிசையா எழுதுவோம். ஒண்ணுலகூட வழக்குப் போட முடியலைன்னு காட்டுவோம்."

"வேணாம் சார்," என்றார் உடனே. "எழுத்துல ஒண்ணுமில்லாம இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம். "நீங்கதானே சொல்வீங்க? கேக்கிறதுக்கு முந்திக் காட்டிறணும்னு?"

அவர் என்னைப் பார்த்தார். ஆயுசு முழுக்க வைத்து ஆண்ட கொள்கையைப் படித்த ஒருவன் திருப்பிச் சொல்கிறான். "சரி சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அவரிடம் தேதிகள் இல்லை; பொருள்கள் இருந்தன. "சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாளு, மோட்டாரு. ஆடி பதினெட்டு, வாத்தியாரு வீட்டு அண்டா. மூத்தவ வயசுக்கு வந்த அன்னைக்கு, ரெண்டு ஆடு." நான் பழைய காலண்டர்களைப் புரட்டி ஒவ்வொன்றையும் தேதியாக மாற்றினேன். மொத்தம் பதினோரு தடவை. எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தப் பொருளுக்காக என்று பத்தி பிரித்து, கட்டம் போட்டு எழுதினேன். முன்னுரையில் நீதி, முடிவுரையில் அறம். என் எழுத்திலேயே சிறந்தது அது என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்று பிரதி: இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று.

பத்து நாளில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாக வந்தவர், இளைஞர், மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். என்னோடு வந்த அவர் என் நாற்காலிக்குப் பின்னால், உள்ளங்கை தெரிய, நின்றார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். கதை கிதை எழுதுவீங்களோ?"

"ஏதோ கொஞ்சம்," என்றேன். அந்த இடத்திலும் எனக்குக் கூச்சமும் சந்தோஷமும் வந்தன.

"பதினோரு தடவை!" என்று இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "எங்க ரெக்கார்டுல ஒண்ணுகூட இல்லை. என்னா வேலை பாத்திருக்காங்கன்னு பாருங்க." உள்பக்கம் திரும்பினார். "ரைட்டர்! இவன் பேருக்கு ஒரு ஷீட் ஓபன் பண்ணுங்க."

கேடிகள் பட்டியலில் அவர் பெயரை ஏற்றுகிறார்கள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "சார், அவர் நிரபராதின்னு எழுதியிருக்கேன்."

"அது உங்க அபிப்பிராயம் சார். தேதிதான் தகவல்."

"ஒண்ணுலகூட நிரூபணம் ஆகலையே!"

"சார்." அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நீங்க படிச்சவரு, யோசிச்சுப் பாருங்க. ஒண்ணுமே இல்லாமலா ஒருத்தனைப் பதினோரு தடவை கூப்பிட்டிருப்பாங்க? என்னை யாராச்சும் கூப்பிட்டிருக்காங்களா? உங்களைக் கூப்பிட்டிருக்காங்களா?"

என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அது பெரிய நிரூபணமாக அந்த அறையில் நின்றது. எனக்காகக் காபி வந்தது. குடித்தேன்.

ரைட்டர் என் மனுவையே துளை போட்டு, புதுக் கோப்பின் முதல் பக்கமாகக் கட்டினார். கட்டம் போட்டிருந்ததால் அவருக்கு எழுதுகிற வேலையே இல்லாமல் போனது. சனிக்கிழமைதோறும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று என் பின்னால் நின்றவரிடம் சொல்லப்பட்டது. "சரிங்கய்யா," என்றார். அதற்குள் மில்லுக்குப் போன பிரதியை மேனேஜரும் படித்திருந்தார். நான்காவது பெயரை அடித்துவிட்டு ஐந்தாவதை மேலே ஏற்றினார்கள். பதிலிப் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். அந்த வருஷத்து ஆண்டறிக்கையை எழுதும் பொறுப்பை மேனேஜர் எனக்குக் கொடுத்தார். மனுவின் நடை அவருக்குப் பிடித்திருந்ததாம்.

அன்று ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து ரோட்டில் நின்றோம். அவர் என்னை அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மனசை விட்றாதீக சார்," என்றார். "உங்க மேல என்ன இருக்கு? எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. அய்யாவே சொன்னாருல்ல?"

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. இதை அவர் சொல்லவில்லை. கேட் வாட்ச்மேன் சொன்னார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. பரவைச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் காய் வாங்கப் போவதை நான் நிறுத்திக்கொண்டேன். விலை அதிகம் என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது அவர். தலை நரைத்திருந்தது.

"ஒரு மனு எழுதணும் சார்."

"நானா?" என்றேன். "வேற யாருகிட்டயாவது போங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"உங்க எழுத்து அவுகளுக்குப் பழக்கம் சார்."

கேலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், துளிகூட இல்லை. சனிக்கிழமைதான் சந்தையில் லோடு அதிகமாம். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், அய்யா வந்து பார்த்துக் கையெழுத்து வாங்குவதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறதாம். வாரத்தில் நல்ல வேலை உள்ள நாள் போய்விடுகிறது. அதனால் கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தர வேண்டும். அவ்வளவுதான்.

"அந்த ஷீட்டை எடுக்கச் சொல்லி எழுதுவோமே," என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார். ஞாயித்துக்கிழமை, அது மட்டும் போதும்." பேனாவை எடுத்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். "நான் நல்லவன்னு மட்டும் எழுதிராதீக."

நாலு வரி எழுதினேன். நீதி இல்லை, அறம் இல்லை, கட்டம் இல்லை. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். வாராவாரம் போட்டுப் பழகி அவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக ஆகியிருந்தது.

நான் பத்திரிகை ஆசிரியர்களுக்கும், மந்திரிகளுக்கும், மின்வாரியத்துக்கும், மேலிடத்துக்கும் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். பதில்கூட வந்ததில்லை. இது மட்டும் ஒரே வாரத்தில் நிறைவேறியது. சொல்வதற்கென்றே பரவையிலிருந்து நடந்து வந்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னு போட்டுட்டாக சார்! ஒரு வார்த்தை கேக்கலை. படிச்சாரு, உடனே போட்டுட்டாரு!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.